ஒரே கோழிக்கறி, மூன்று மரணங்கள்: லூசியானா 2010

2010 மே 7ஆம் தேதி அமெரிக்காவின் லூசியானா மாநில அரசு மனநல மருத்துவமனை ஒன்றில் உள்நோயாளிகள் 42 பேருக்கும் ஊழியர்கள் 12 பேருக்கும் ஒரே சமயத்தில் வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு. இத்தனை பேருக்கு ஒன்றாக வந்தால் சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்று யாரும் ஊகித்துவிடலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் நோயாளிகளில் மூன்று பேர் இறந்துபோனார்கள். 41 வயதிலிருந்து 61 வயதுக்குள் இருந்தவர்கள், அதாவது படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர்களோ கைக்குழந்தைகளோ இல்லை. அவர்களில் இரண்டு பேருக்குப் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, பெருங்குடலின் சுவர் வீங்கி அழற்சி கண்டு திசுவே செத்துப்போயிருந்தது என்பது.

காரணம் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்ற பாக்டீரியா. மருத்துவ மாணவர்கள் பலரும் இந்தப் பெயரை ஒரு வரியில் தாண்டிப்போவார்கள்: "உணவு நஞ்சு, 24 மணி நேரத்தில் தானே சரியாகிவிடும், நீர்ச்சத்து கொடுத்தால் போதும்." பெரும்பாலும் அது உண்மைதான். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு இது வருவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி மதிப்பிடுகிறது, அவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுநாளே வேலைக்குப் போய்விடுவார்கள், டாக்டரிடம்கூடப் போகமாட்டார்கள். அப்படியென்றால் ஒரே சமையலறை, ஒரே கறி, ஒரே நச்சு, 51 பேர் பிழைத்துக்கொண்டார்கள், மூன்று பேர் மட்டும் ஏன் செத்தார்கள்? இந்தக் கேள்விக்கான பதில் பாதி சமையலறையில் இருக்கிறது, பாதி குடல் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த நிகழ்வு புரியாது.

சமையலறையில் நடந்தது

மாநிலப் பொதுச் சுகாதார அலுவலகமும் சிடிசியும் சேர்ந்து விசாரித்தன. யார் யார் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு ஒப்பிட்டபோது மே 6 இரவுச் சாப்பாட்டில் பரிமாறிய கோழிக்கறிதான் நோயோடு பொருந்தியது. அந்தக் கோழியைப் பரிமாறுவதற்குச் சுமார் 24 மணி நேரம் முன்பே வேகவைத்துவிட்டார்கள், ஆனால் மருத்துவமனையின் சொந்த விதிமுறைப்படி ஆறவைக்கவில்லை. நோயுற்றவர்களின் மலமாதிரிகள் 23இல் 20இல் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸின் குடல் நச்சு இருந்தது. 2012 ஆகஸ்டில் சிடிசியின் வார அறிக்கையில் இது முழுதாக வெளிவந்தது.

நன்றாக வேகவைத்த கறியில் எப்படி பாக்டீரியா? இங்குதான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்தப் பாக்டீரியா நெருக்கடி வந்தால் ஸ்போர் என்ற உறைக்குள் சுருண்டுகொள்ளும். உணவு நஞ்சை உண்டாக்கும் வகைகளின் ஸ்போர்கள் கொதிக்கும் நீரையும் நெடுநேரம் தாங்கக்கூடியவை, இதை 1953லேயே இங்கிலாந்தில் பெட்டி ஹாப்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் தெளிவாகக் காட்டிவிட்டார்கள் (அன்று இதன் பெயர் குளோஸ்ட்ரிடியம் வெல்ஷியை). வேகவைப்பது ஸ்போருக்கு உதவியாகக்கூட ஆகிவிடுகிறது: போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகள் செத்துப்போகின்றன, கறியிலிருந்த ஆக்சிஜன் வெளியேறுகிறது, ஆக்சிஜன் பிடிக்காத இந்தக் கிருமிக்கு அது சௌகரியம், அந்தச் சூடே தூங்கும் ஸ்போரை எழுப்பியும் விடுகிறது.

அப்புறம் ஆறும் நேரம். 43, 45 டிகிரி செல்சியஸ் வாக்கில் இந்தப் பாக்டீரியா பத்து நிமிடத்துக்குள் இரட்டிக்கும். பத்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று மணி நேரத்தில் 18 தடவை இரட்டிப்பு, அதாவது ஒரே ஒரு செல் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். ஆழமான பாத்திரத்தில் குவித்து மூடிவைத்த கறியின் நடுப்பகுதி குளிர்பெட்டிக்குள் போனாலும் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும், வெளிவிளிம்பைத் தொட்டுப்பார்த்துச் சில்லென்று இருக்கிறது என்று நம்பினால் ஏமாற்றம்தான். அதனால்தான் அமெரிக்க உணவு விதித்தொகுப்பு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் இறக்கு, அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறக்கு என்று இரண்டு கட்டமாகக் கணக்கு வைத்திருக்கிறது. முதல் கட்டத்துக்குக் குறைவான நேரம் கொடுத்திருப்பதற்குக் காரணமே இந்தக் கிருமியின் வேகம். மறுபடி சூடாக்கும்போது உள்ளே வரை 74 டிகிரி வந்துவிட்டால் வளர்ந்து நிற்கும் செல்கள் செத்துவிடும், ஆபத்து நீங்கிவிடும். லேசாகச் சூடுகாட்டிப் பரிமாறினால் கோடிக்கணக்கான உயிருள்ள செல்கள் தட்டுக்கு வந்துவிடும். வாசனையிலோ ருசியிலோ மாற்றம் தெரியாமல் போகலாம், மூக்கை நம்பிப் பயனில்லை.

வயிற்றுக்குள் போனபின்

இந்த நச்சு சாப்பாட்டில் தயாராக வருவதில்லை, குடலுக்குள்தான் உருவாகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி கிருமிகள் உணவிலேயே நச்சைச் சுரந்துவைத்துவிடும், அதனால் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி. பெர்ஃப்ரிஞ்ஜென்ஸில் அப்படி இல்லை. ஏராளமான செல்களை விழுங்க வேண்டும், இரைப்பை அமிலத்தில் பெரும்பகுதி செத்துப்போக, மிச்சம் சிறுகுடலுக்குப் போய் அங்கே மறுபடி ஸ்போர் ஆகத் தொடங்கும். ஸ்போர் ஆகும் அந்த வேளையில்தான் நச்சுப் புரதம் தயாராகிறது, தாய்செல்லுக்குள்ளேயே குவிகிறது, சுரந்து வெளியே வருவதில்லை. ஸ்போர் முதிர்ந்து தாய்செல் வெடிக்கும்போது மொத்தமாகக் குடலில் கொட்டுகிறது. மே 6 இரவு சாப்பிட்டவர்களுக்கு மே 7 அன்று உபாதை வந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம், வழக்கமாக 6 மணி முதல் 24 மணி நேரம் வரை இடைவெளி இருக்கும்.

விசாரித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தது, நியாயமான சந்தேகம். எந்தெந்த நச்சை உண்டாக்குகிறது என்பதை வைத்து இந்தப் பாக்டீரியாவை வகை பிரிக்கிறார்கள், குடல் அழுகிச் சாவது அதில் சி வகையின் அடையாளம். பப்புவா நியூ கினியின் மலைப்பகுதிகளில் பன்றிக்கறி விருந்துகளுக்குப் பிறகு குழந்தைகளைக் கொன்ற பிக்பெல் நோய், இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஜெர்மனியில் பட்டினி கிடந்த மக்களிடையே வந்த குடல் அழுகல், இரண்டுமே சி வகையின் பீட்டா நச்சால் வந்தவை. பீட்டா நச்சைச் சாதாரணமாக நம் குடலிலுள்ள டிரிப்சின் என்சைம் சிதைத்துவிடும். புரதமில்லாத சாப்பாட்டில் வளர்ந்து டிரிப்சின் குறைந்தவர்களுக்கும், டிரிப்சினைத் தடுக்கும் பொருளுள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கை அன்றாடம் சாப்பிட்டவர்களுக்கும்தான் ஆபத்து. லூசியானாவில் கறி, மலம் இரண்டின் மாதிரிகளிலும் பீட்டா நச்சின் ஜீனைத் தேடினார்கள். இல்லை. ஆக இது அன்றைய வகைப்பாட்டில் சாதாரண ஏ வகை (2018இலிருந்து இதை எஃப் வகை என்கிறார்கள்), 24 மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லப்படும் அதே வகை.

இந்த ஏ வகையின் குடல் நச்சிடம் டிரிப்சினின் பாதுகாப்பு எடுபடாது என்பதையும் சொல்ல வேண்டும். டிரிப்சின் இதன் நுனியில் கொஞ்சத்தை வெட்டியெடுக்கும், வெட்டியபின் நச்சின் வீரியம் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது.

பிடிமானத்தைப் பிடிக்கும் புரதம்

குடலின் உட்புறம் ஒற்றை வரிசைச் செல்களால் ஆன விரிப்பு. ஒரு செல் அடுத்த செல்லோடு பல இடங்களில் ஒட்டியிருக்கிறது. மேல்விளிம்பில், உணவு ஓடும் பக்கத்துக்குச் சற்றுக் கீழே, டைட் ஜங்ஷன் என்ற இறுக்கமான சந்திப்பு. அதற்கு அடியில் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் பிடித்திருக்கும் ஒட்டுச் சந்திப்பு, இன்னும் கீழே டெஸ்மோசோம்கள். கீழுள்ள இரண்டும் செல்களைப் பிரியவிடாமல் வலுவாகக் கட்டிவைப்பவை, மேலுள்ளது செல்களுக்கு இடையிலான சந்தில் எது போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானிப்பது. மேலுள்ளதில் முக்கியமான புரதங்கள் கிளாடின்கள். இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த நூல்வரிசை போல இந்த செல்லின் கிளாடினும் பக்கத்துச் செல்லின் கிளாடினும் வெளியே நீட்டிய வளையங்களால் சேர்ந்து சந்தை மூடுகின்றன.

1998இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மிக்கியோ ஃபுருசேயும் ஷொய்ச்சிரோ ட்சுகிடாவும் கிளாடின்களை அடையாளம் கண்டார்கள், அதுவும் கோழியின் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த செல் சந்திப்புகளைக்கொண்டு. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, 1997இல், பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் நச்சு செல்லின்மேல் எதைப் பிடிக்கிறது என்று தேடிய இன்னொரு ஜப்பானியக் குழு ஒரு ஏற்பிப் புரதத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. என்ன வேலை செய்கிறது என்று அன்று தெரியாத அந்தப் புரதம்தான் பின்னால் கிளாடின்-4 என்று பெயர் பெற்றது. அதாவது செல்களை ஒட்டவைக்கும் இந்தப் பொருளை நாம் சரியாக அடையாளம் காண்பதற்கு முன்பே பாக்டீரியா அதைக் குறிவைத்துக்கொண்டிருந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது.

நச்சு 319 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலி. அதன் ஒரு முனை கிளாடினின் வெளிவளையத்தைப் பிடிக்கும், மறுபகுதி செல்லின் சவ்வில் துளை போடும். எல்லாக் கிளாடினையும் பிடிக்காது, கிளாடின்-3ஐயும் 4ஐயும் நன்றாகப் பிடிக்கும், கிளாடின்-1 போன்றவற்றை அநேகமாகத் தொடுவதில்லை. பிடித்ததும் நச்சும் கிளாடினும் சேர்ந்த சிறு கூட்டு ஒன்று உண்டாகிறது. அப்படிப்பட்ட ஆறு சிறு கூட்டுகள் ஒன்றுசேர்ந்து ஒரு பெரிய வளையமாகிச் சவ்வுக்குள் இறங்கினால் துளை தயார். துளை வழியாகக் கால்சியம் செல்லுக்குள் வெள்ளமாகப் பாயும். நச்சு கொஞ்சமாக இருந்தால் கால்சியமும் மிதமாக ஏறும், செல் ஒழுங்கான முறையில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நச்சு அதிகமாக இருந்தால் கால்பெயின் என்ற புரதம் வெட்டும் என்சைம் கட்டுமீறிக் கிளம்பி, செல் வீங்கி வெடித்துச் சாகும், உள்ளிருந்ததெல்லாம் வெளியே கொட்டும், அக்கம்பக்கத்தில் அழற்சி மூளும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்லேனின் ஆய்வுக்கூடம் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து இந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியது.

"இந்த நச்சு டைட் ஜங்ஷனைத் திறந்துவிடுகிறது, அதனால் வயிற்றுப்போக்கு" என்று பல இடங்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துளைபோட முடியாதபடி நறுக்கிய, கிளாடினைப் பிடிக்கும் முனையை மட்டும் வைத்து 1999இல் ஒரு சோதனை செய்தார்கள். நாயின் சிறுநீரகச் செல் விரிப்பின்மேல் அதைப் போட்டபோது செல்கள் சாகவில்லை, ஆனால் கிளாடின்-4 மட்டும் சந்திப்பிலிருந்து பொறுக்கியெடுத்ததுபோல் விலகிச் சிதைந்தது, 4 மணி நேரத்தில் இழைகள் குலைந்து விரிப்பு கசியத் தொடங்கியது. ஆக பிடிமானத்தைக் குலைக்கும் திறன் இந்த நச்சுக்குத் தனியாகவே உண்டு, அதில் சந்தேகமில்லை. 2015இல் இந்த முனை ஒரு கிளாடினோடு சேர்ந்திருக்கும் அணுநிலை வடிவமும் வெளிவந்தது, இழை கோப்பதற்குத் தேவையான பகுதியை நச்சு எப்படிக் கலைக்கிறது என்று அதில் தெரிகிறது.

ஆனால் நிஜமான நோயில் முழு நச்சு வருகிறது, அது துளைபோடுவதற்கு 4 மணி நேரம் காத்திருக்காது. முயல்களின் சிறுகுடலில் சில பத்து நிமிடங்களிலேயே குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்கள் உதிரத் தொடங்குகின்றன, சேதம் வந்தபின்தான் நீர் கொட்டுகிறது. முதலில் செல்லின் மேற்பரப்பிலுள்ள கிளாடின், அங்கே துளை, செல் சேதம், அதன்பின் பக்கவாட்டு வெளிப்பட்டு அங்குள்ள கிளாடினும் ஆக்லூடின் என்ற மற்றொரு சந்திப்புப் புரதமும் நச்சின் கைக்கு வருகின்றன. அந்த இரண்டாவது கட்டத்தில் ஆக்லூடினையும் சேர்த்து இன்னும் பெரிய கூட்டு உருவாகிறது. கொலை முதலில், பிரிவினை பிறகு, பிரிவினை கொலையை இன்னும் ஆழமாக்குகிறது. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் நச்சுக்குக் கிடைக்கும் நேரம் நீண்டால் சேதம் மேல்நுனியோடு நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

மற்றக் குடல் நச்சுகள் வேறு வேறு வழிகளில் இதே பிடிமானத்தில் கைவைக்கின்றன. பாக்டீராய்டஸ் ஃபிராஜிலிஸின் நச்சு ஈ-கேட்ஹெரினை வெட்டவைக்கிறது. காலராக் கிருமியின் ஒரு புரத என்சைம் ஆக்லூடினைச் சிதைக்கிறது. குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசிலின் நச்சுகள் செல்லுக்குள்ளே போய் ரோ புரதங்களை முடக்கி, சந்திப்பை உள்ளிருந்து இழுத்துப் பிடித்திருக்கும் ஆக்டின் இழைகளைச் சரியவைக்கின்றன. பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் மட்டும்தான் கிளாடினையே வாசலாக வைத்துக்கொண்டு நேரடியாகக் கொல்கிறது.

அந்த மூன்று பேருக்கு மட்டும் ஏன்

மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: குடல் அசைவைக் குறைக்கும் பக்கவிளைவுள்ள மருந்துகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனநோய்க்குக் கொடுக்கும் பல மருந்துகளுக்கு அசிட்டைல்கொலினைத் தடுக்கும் குணம் உண்டு. குடலைச் சுருங்கி விரியவைப்பது அந்த அசிட்டைல்கொலின்தான், அதைத் தடுத்தால் குடல் மந்தமாகும், மலச்சிக்கல் நாள்பட்டதாகும், சிலருக்கு மலம் கல்லாக இறுகிப்போகும்.

சாதாரண ஆளுக்கு இந்த நச்சு பட்டதும் என்ன ஆகும்? நுனிச் செல்கள் சாகும், நீர் கொட்டும், அந்த நீரே நச்சையும் கிருமியையும் வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். குடலின் ஆழத்திலுள்ள தண்டுச் செல்கள் சில நாளில் புதிய விரிப்பை நெய்துவிடும். 24 மணி நேரத்தில் சரியாவதன் ரகசியம் இதுதான், நச்சு லேசானது என்பதில்லை, தங்கவிடாமல் கழுவப்படுகிறது. மந்தமான குடலில் அந்தக் கழுவல் நடக்காது. நச்சு பெருங்குடலில் இறங்கித் தேங்கும், தேங்கிய மலத்துக்குள் பாக்டீரியாவும் தங்கிவிடும். இந்த நச்சின் வழக்கமான களம் சிறுகுடல், இறந்தவர்களிடம் செத்துப்போயிருந்தது பெருங்குடல், அந்த இடமாற்றத்தை என்னால் தேக்கத்தை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது. பெருங்குடல் செல்களிலும் கிளாடின்-3, 4 உண்டு, நேரம் கிடைத்தால் அங்கேயும் பிடிக்கும். கூடவே மலம் அடைத்து உப்பிய குடல்சுவரில் ரத்த ஓட்டமும் குறைந்துவிடும், புதுச் செல்களை நெய்ய வேண்டிய இடத்துக்கே பிராணவாயு போதாது.

இது லூசியானாவில் மட்டும் தற்செயலாக நடந்ததாக இருந்தால் நானும் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். 2001இல் ஓக்லஹோமாவில் மனநலம் குன்றியவர்களைப் பராமரிக்கும் இடம் ஒன்றிலும் ஏ வகைப் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் உணவு நஞ்சுக்குப் பிறகு பெருங்குடல் அழுகி மரணங்கள் நேர்ந்தன, அங்கும் மருந்தால் வந்த மலச்சிக்கல்தான் பின்னணி. எலிகளின் குடலை இருபுறமும் கட்டி நச்சை உள்ளேயே நிறுத்திவைத்துச் செய்த சோதனைகளிலும் இதே போக்கு: வெளியே போக வழியில்லாத நச்சு சேதமடைந்த விரிப்பைத் தாண்டி ரத்தத்தில் கலந்தது, கிளாடின்கள் உள்ள மற்ற உறுப்புகளையும் எட்டியது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியது, எலிகள் இறந்தன. லூசியானாவில் இறந்தவர்களின் ரத்தத்தில் அதேதான் நடந்தது என்று சொல்ல நான் வரவில்லை, ஆனால் சாவு அத்தனை வேகமாக வந்ததைப் பற்றி யோசிக்கும்போது இந்தச் சோதனை நினைவுக்கு வராமல் போகாது.

அறிக்கையில் சமையலறைத் தவறு தெளிவாக இருக்கிறது, அதைத் திருத்துவதும் எளிது: ஆழமில்லாத தட்டு, சிறு பகுதிகளாகப் பிரித்தல், நடுவில் வெப்பமானி, நேரத்தைக் குறித்துவைத்தல். எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். இப்படிப்பட்ட விடுதிகளில் சமையலறைப் பதிவேடு ஓர் இடத்தில், மருந்துப் பட்டியல் இன்னோர் இடத்தில், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் யாரும் இருப்பதில்லை. ஊருக்குள் ஒரு கல்யாண வீட்டுக்கு இது வெறும் ஒருநாள் வயிற்றுப்போக்கு, மந்தக் குடலோடு நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடும் இடத்துக்கு இது கொலைகாரக் கிருமி. அதுவும் அங்கே இருப்பவர்களில் பலர் வயிறு வலிக்கிறது என்று சொல்ல முடியாதவர்கள், சொன்னாலும் நோயின் புலம்பல் என்று ஒதுக்கப்படுபவர்கள்.

வார்டில் வேலை செய்பவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். உணவு நஞ்சு பரவும்போது எல்லோருடைய கண்ணும் அதிகம் பேதியாகிறவர்மேல் போகும். பேதி ஆகாதவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: அதே சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார், வாந்தி இருக்கிறது, வயிறு உப்பிக் கெட்டியாக இருக்கிறது, மலம் போகவில்லை, மருந்துப் பட்டியலில் குளோசாபின் என்ற மனநோய் மருந்து மாதிரி ஏதாவது இருக்கிறது. அவருக்கு உடனே வயிற்றுப் படமும் அறுவை மருத்துவரின் கண்ணும் தேவை. பேதியை நிறுத்த லோபெரமைடு கொடுக்கும் பழக்கத்தை இந்த மாதிரிப் பரவலில் அடியோடு விட்டுவிட வேண்டும், நச்சை உள்ளே பூட்டிவைக்கிற வேலை அது. இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது மலச்சிக்கலை அன்றாடம் கேட்டுக் குறித்துவைத்து மருந்து கொடுப்பது. குளோசாபினால் வரும் மலச்சிக்கலைக் கவனிக்காமல் விட்டால் குடல் அழுகி உயிரே போகலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஜனவரியில் இன்னும் கடுமையாக்கியது, அந்த மருந்தைத் தொடங்கும் முன்பே குடல் இயக்கத்தைச் சோதிக்கச் சொல்கிறது. நோயாளிகளின் மருந்துப் பட்டியலின் ஒரு பிரதி சமையலறை மேற்பார்வையாளர் மேசையிலும் இருக்க வேண்டும்.